2021-இல் வாங்கிக் குவித்த 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா: சில வெடிக்கவில்லை, என்ன செய்யலாம்?

ஹூஸ்டன்கொசு:
மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போய் 100 தோட்டா சுடுவது வழக்கம். 2021 தொடக்கத்தில் கடைகளில் அலமாரிகள் காலி. இனிமேல் கிடைக்காது என்று ஆளாளுக்குச் சொன்னதில் பயந்து, ஒன்று 65 சென்ட் வீதம் 3000 வாங்கினேன். 1950 டாலர்! அப்புறம் விலை இறங்கியது. புதிதாக மலிவாக வாங்கியதைச் சுட்டுக்கொண்டு, பழையதை "முதலீடு" என்று கராஜில் போட்டுவிட்டேன். 1800 மிச்சம். இன்று அதே தோட்டா 25 சென்ட்.

போன வாரம் அதிலிருந்து 100 எடுத்துப் போனேன். மூன்று வெடிக்கவில்லை. சிலவற்றின் பித்தளை உறையில் பச்சை பூத்திருக்கிறது. எல்லாம் அட்டைப்பெட்டியில், சிமென்ட் தரையில் இருந்தவை. மொத்தமும் வீணா? விற்றுவிடலாமா?

பழையகுறி:
வெடிக்காத மூன்றும் கையில் இருக்கிறதா? பின்பக்கம் நடுவில் இருக்கும் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியைப் பாருங்கள். துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டாவில் கோளாறு. லேசாகத் தொட்டதுபோல் இருந்தால் துப்பாக்கியில்தான் கோளாறு. ஊசி ஓடும் குழாயில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பசையாகி அடி விழாமல் போவது ரொம்ப சகஜம். அங்கே எண்ணெய் விடவே கூடாது, பலர் விடுகிறார்கள்.

இன்னொன்று. வெடிக்கவில்லை என்றதும் உடனே வெளியே எடுத்தீர்களா? இலக்கைப் பார்த்தபடியே 30 விநாடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் உண்டு. "புஸ்" என்று பலவீனமாகச் சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு வெளியேறும் சுடுகுழாய்க்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கி வெடித்துக் கையும் போகும்.

பித்தளை பழுப்பாகியிருந்தால் கவலையில்லை. பச்சைப் பொடி பூத்து, துடைத்த பிறகு கீழே குழி தெரிந்தால் தனியே ஒதுக்குங்கள். குப்பையில் போட வேண்டாம், சுடுதளத்தில் இதற்கென்றே பெட்டி வைத்திருப்பார்கள்.

கணக்கன்:
தோட்டாவுக்கு வயது பெரிய எதிரி இல்லை. ஒழுங்காக வைத்திருந்த 1950-களின் ராணுவத் தோட்டாவை இன்றும் சுடுகிறார்கள். வெக்கையும் ஈரமும்தான் எமன். ஹூஸ்டன் கராஜில் இரண்டும் தாராளம்! ரப்பர் வளையம் வைத்த ராணுவ இரும்புப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், வீட்டுக்குள் பூட்டிய அலமாரி. அவ்வளவு போதும். 1000 தோட்டா சுமார் 12 கிலோ வரும், உயரத் தட்டில் ஏற்றாதீர்கள்.

இனி பணம். இந்த விலையேற்றம் புதிதில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்ததும், துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்ற பயத்தில் 2013-இல் சாதாரண .22 சிறு தோட்டாகூடக் கிடைப்பது அரிதானது. 2020-இல் கொரோனா, கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்தன. அதே ஆண்டு துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் ரஷ்யத் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதியும் நின்றது. ஒவ்வொரு முறையும் உச்சத்தில் வாங்கியவர்கள்தான் அதிகம். நீங்கள் தனியாள் இல்லை.

சரி, மலிவாக இருந்தபோது வாங்கியவர்களாவது சம்பாதித்தார்களா? 2019-இல் 18 சென்ட் வீதம் 1000 வாங்கியவருக்கு 180 டாலர் செலவு. அதை 4% வட்டிக்குப் போட்டிருந்தால் ஆறு ஆண்டில் சுமார் 228 ஆகியிருக்கும், அதாவது தோட்டாவுக்கு 23 சென்ட். இன்றைய விலையும் ஏறக்குறைய அதுதான். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கடை காலியான மாதங்களில் அவர் சுடுதளத்துக்குப் போக முடிந்தது, அதுதான் மிச்சம்.

வருஷத்துப் புளி வாங்கிப் பானையில் அடைக்கும் வீட்டில் யாரும் விலை ஏறினால் விற்கலாம் என்று அடைப்பதில்லை. பழைய பானையைத் தீர்த்துவிட்டுத்தான் புதுசைத் திறப்பார்கள். நீங்கள் செய்ததோ தலைகீழ். விற்க வேண்டாம், நன்றாக இருப்பவற்றைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். 65 சென்ட் போனது போனதுதான். இன்று அது 25 சென்ட் சரக்கு.

தோட்டாவின் தொழிற்சாலை விலையில் 11% வரி 1937 சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. உங்கள் பீதியில் நாலு மான்களாவது பிழைத்திருக்கும்.

புதுவரவு:
நடுவில் ஒரு சந்தேகம். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் அவரிடம் இருப்பதில் 500 எடுத்துக்கொள் என்கிறார். வாங்கி வைக்கலாமா?

பழையகுறி:
வேண்டவே வேண்டாம் தம்பி. குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வைத்திருப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் ஒன்றைக்கூட வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கிரீன் கார்டு வந்தபின் கதை வேறு.

ஹூஸ்டன்கொசு:
திரும்ப வந்துவிட்டேன். மூன்றில் இரண்டில் பள்ளம் லேசாகத்தான் இருந்தது. ஊசிக் குழாயைக் கழற்றினால் உள்ளே கருப்புப் பசை! எண்ணெய் விட்ட புண்ணியவான் நான்தான். துடைத்துவிட்டு நேற்று 150 சுட்டேன், ஒன்றுகூட வெடிக்காமல் நிற்கவில்லை. தரையைத் தொட்ட அட்டைப்பெட்டியிலிருந்த 40 மட்டும் குழி விழுந்திருந்தது, சுடுதளத்தில் கொடுத்துவிட்டேன். மற்றது மூன்று இரும்புப் பெட்டியில் வீட்டுக்குள் வந்தாயிற்று.

கடைசிக் கேள்வி. இனி எவ்வளவு கையிருப்பு போதும்?

கணக்கன்:
மாதம் 100 என்றால் 1200, ஒரு வருஷத்துக்கு. உங்களிடம் இப்போதே அதற்கு மேல் இருக்கிறது. அது 1200-க்குக் கீழே இறங்கும்வரை கடைப் பக்கம் போகாதீர்கள். இறங்கியபின் மாதம் சுட்டதை மாதம் நிரப்புங்கள், பெட்டிமேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

ஹூஸ்டன்கொசு:
ஒட்டியாயிற்று. விலையை மட்டும் எழுதவில்லை, வீட்டில் படித்துவிடுவார்கள்.