பதில்: "லேசர் டேக்" விளையாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரையாடல் இழை நீண்டுவிட்டதால் வந்த வேண்டுகோளை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். ஒளி உமிழும் கருவியால் எதிராளியின் சட்டையைக் குறிபார்த்துப் புள்ளி எடுக்கும் உள்ளரங்க லேசர் டேக் ஆட வரும் புதியவர்களுக்கு, உள்ளே போகுமுன் படிக்க ஒரு விதிப்பலகை தமிழில் வேண்டும். படிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும். இதுவரை வந்த பரிந்துரைகள்: சீரொளிச் சுடுதல், லேசர்க் குறி, கதிர்வேட்டை, ஒளி ஓடிப்பிடி. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன்.

> லேசருக்குச் சீரொளி என்று நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

சொல் நல்லதுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் புள்ளி வாங்கித் தருவது லேசரே அல்ல. பெரும்பாலான அரங்கக் கருவிகளின் முனையில் இருப்பது அகச்சிவப்பு ஒளியை உமிழும் எல்.ஈ.டி. டிவி ரிமோட்டில் இருப்பதும் அதே இனம்தான். விசையை அழுத்தினால் அந்த ஒளி விட்டுவிட்டுத் துடித்து, "நான் இன்ன அணி, இன்ன ஆட்டக்காரர்" என்ற குறியீட்டைச் சுமந்து போகிறது. எதிராளியின் சட்டையில் உள்ள உணரி (சென்சார்) அதைப் படித்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அல்லது பச்சைக் கோடு குறிபார்க்க உதவும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். சில கருவிகளில் அந்தக் கோடும் கிடையாது.

பெயரின் வரலாறும் சீரொளிக்குச் சாதகமாக இல்லை. 1984இல் ஜார்ஜ் கார்ட்டர் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் திறந்த அரங்கத்துக்கு "ஃபோட்டான்" என்று பெயர். தலைக்கவசம், மார்பில் ஓர் உணரிப் பெட்டி, இடுப்பில் மின்கலப் பட்டை, சிவப்பு அணி, பச்சை அணி என்று இன்றைய ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் அங்கேயே இருந்தது. பெயரில் மட்டும் லேசர் இல்லை. 1986இல் வேர்ல்ட்ஸ் ஆஃப் ஒண்டர் நிறுவனம் வீட்டில் விளையாடும் பொம்மையை "லேசர் டேக்" என்று விற்றது. அதிலும் வேலை செய்தது அகச்சிவப்புதான். லேசர் என்றால் அந்தக் காலத்தில் விண்வெளி வாசனை அடித்தது, நன்றாக விற்றது. வியாபாரி ஒட்டிய சீட்டை நாம் அறிவியல் சொல்லாக மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்கப் படையினர் பயிற்சிக்காகத் துப்பாக்கியில் பொருத்திக்கொள்ளும் "மைல்ஸ்" கருவி நிஜமாகவே லேசர். அதற்குச் சீரொளி என்று எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பலகையில் சீரொளி என்று பார்த்ததும் ஓர் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே?" என்பதாகத்தான் இருக்கும். புள்ளி எடுக்கும் அகச்சிவப்பு பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் கற்றை உள்ள கருவியை மட்டும் யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக்கூடாது. இந்த வேறுபாட்டை விளக்கப் பலகையில் இடம் வேண்டுமே தவிர, அதை மறைக்கிற பெயர் வேண்டாம்.

> சுடுதல் என்பதில் என்ன தயக்கம்? பிள்ளைகள் "சுட்டுட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லட்டும். பலகை சொல்லக்கூடாது. 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவில், இரவில் ஒரு பள்ளி வளாகத்தில் லேசர் டேக் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரை, கையில் இருப்பது நிஜ ஆயுதம் என்று நினைத்து ஒரு காவல் அதிகாரி சுட்டுக் கொன்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் துப்பாக்கி என்ற சொல்லையே தவிர்த்து "ஃபேசர்", "டேகர்" என்று சொல்கிறார்கள். தமிழில் நாம் வலியப் போய்ச் சுடுதலைக் கொண்டுவருவானேன்? கதிர்வேட்டைக்கும் இதே பதில்.

ஒளி ஓடிப்பிடி காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் உள்ளரங்கத்தில் முதல் விதியே ஓடக்கூடாது என்பது. இருட்டு, வளைந்து வளைந்து போகும் சுவர்கள், மூலைக்கு அந்தப்பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது. பல கருவிகளில் இரண்டு கையாலும் பிடித்தால்தான் விசை வேலை செய்யும்படி வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: கருவியை ஒற்றைக் கையில் வீசிக்கொண்டு யாரும் பாயக்கூடாது. ஓடு என்று பெயர் வைத்துவிட்டு ஓடாதே என்று எழுத முடியாது. பிடிப்பதும் கிடையாது.

என் பரிந்துரை: ஒளித்தொடு ஆட்டம். பேச்சில் ஒளித்தொடு.

"டேக்" என்பது தொட்டு விளையாடும் பிள்ளைகள் ஆட்டம். தொடுதிரை வந்த பிறகு "தொடு" தொழில்நுட்பத்துக்கும் பழகிவிட்டது. "ஓடக்கூடாது என்பதற்காக ஓடிப்பிடியை விட்டீர்கள், ஆளைத் தொடவும் கூடாதே, தொடு மட்டும் எப்படி?" என்று யாராவது மடக்குவீர்கள். அங்கேதான் முன்னால் நிற்கும் "ஒளி" வேலை செய்கிறது. ஒளியால் தொடு, கையால் தொடாதே. புதியவர் மனதில் பதிய வேண்டிய இரண்டாம் விதி பெயரிலேயே வந்துவிடுகிறது.

ஒளி என்றால் மறைந்துகொள் என்றும் பொருள், குழப்பாதா என்றால், குழப்பட்டும். ஆட்டத்தில் பாதி நேரம் அதைத்தான் செய்கிறோம். ஒற்று மிகுமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஒளியால் தொடுவது என்று விரியும் மூன்றாம் வேற்றுமைத் தொகையில் பொதுவாக ஒற்று மிகாது என்பார்கள், ஆனால் இது ஒரே சொல்லாக நிற்க வேண்டும். ஒற்று இருக்கட்டும்.

> வெஸ்ட்டுக்குக் கவசம் என்று வைத்துக்கொள்ளலாமே?

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கவசம் காப்பாற்றும். இந்தச் சட்டை காட்டிக்கொடுக்கும்! மார்பு, முதுகு, தோள், பெரும்பாலும் கருவியின் மேலும்கூட உணரிகள் மினுங்கிக்கொண்டிருக்கும். எதிராளி பார்த்துக் குறிவைப்பதே அந்த விளக்குகளைத்தான். கவசம் போட்டிருக்கிறோம் என்று நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும் பிள்ளை ஒரே நிமிடத்தில் நான்கு முறை வாங்கும். உணரிச் சட்டை போதும். அதைக் கையால் மறைப்பதும் முடியை முன்னால் போட்டு மூடுவதும் ஆட்டத்தில் தவறு என்பதையும் அப்போது விளக்க எளிது.

ஒளி பட்டதும் சட்டை விளக்குகள் சில நொடிகள் அணைந்துவிடும், கருவியும் வேலை செய்யாது. இதற்கு "சாவு", "அவுட்" இரண்டுமே பொருந்தவில்லை, ஏனென்றால் ஆட்டத்தை விட்டு யாரும் வெளியே போவதில்லை. அணைவு என்று வைக்கலாம். "நான் அணைஞ்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் வருகிறது. புதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். கருவி கெட்டுப்போச்சு என்று நினைத்து அதே இடத்தில் நின்று விசையை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். விளக்கு திரும்ப எரிந்த மறுநொடி அதே ஆள் மறுபடி தொட்டுவிடுவார். அணைவு நேரம் இடம் மாறுவதற்கு.

ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளித் தாளுக்கு தொட்டது / பட்டது என்று இரண்டு கட்டம் போதும். யாரைத் தொட்டாய், யாரிடம் பட்டாய். இதற்கு யாரும் அகராதி தேட மாட்டார்கள்.

சில்லறை: "பிளாக் லைட்" என்பதைக் கருவிளக்கு என்று ஒருவர் பெயர்த்திருந்தார், வேண்டாம், புற ஊதா விளக்கு என்றே இருக்கட்டும். "ஃபாக்" என்பதற்குப் புகை என்று எழுதினால் தீப்பிடித்துவிட்டதோ என்று பதறுவார்கள். கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரிலிருந்து உண்டாக்கும் மூட்டம் அது. பனிமூட்டம் சரியாக இருக்கும். கருவியை என்ன சொல்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தொடுகோல் என்று முதலில் நினைத்தேன், வடிவியலில் வரும் தொடுகோட்டுக்கு மிக அருகில் போய்விடுகிறது. வெறும் "கருவி" போதும்.

சொல் நிற்குமா என்று தெரிய வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலகைக்கு ஒரு வரைவு:

"ஒளித்தொடு ஆட்டத்துக்கு வரவேற்கிறோம். முன்பக்கம் மூடிய காலணி அணியுங்கள், செருப்பு வேண்டாம். முடிந்தால் அடர்நிற ஆடையில் வாருங்கள். சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டிகளால் வெள்ளைச் சட்டை புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும், எங்கே நின்றாலும் தெரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும், மின்னும் விளக்குகளால் வலிப்பு வரக்கூடியவர்களும் நடுவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். களத்தில் ஓடாதீர்கள், ஏறாதீர்கள், தரையில் படுக்காதீர்கள். ஒளியால் மட்டும் தொடுங்கள். கருவியை இரண்டு கையாலும் பிடியுங்கள், உணரிகளை மறைக்காதீர்கள். அணைவு நேரத்தில் இடம் மாறுங்கள். கண்ணாடிகளில் பட்டு ஒளி திரும்பும், ஆகவே பின்னாலிருந்தும் உங்களைத் தொட முடியும். பெற்றோர்களே, நீங்களும் ஆடலாம்."

கடைசி வரி வேண்டுகோளில் இல்லை, நான் சேர்த்தது. விருப்பமில்லாவிட்டால் எடுத்துவிடலாம்.

இன்னும் முடிவாகாதவை இரண்டு. எதிரணியின் "பேஸ்" என்பதற்குப் பாசறை, தளம், கோட்டை மூன்றும் வந்திருக்கின்றன. எனக்குக் கோட்டை பிடிக்கிறது, ஆனால் அங்கே இருப்பது ஒரு விளக்குப் பெட்டிதான், அதற்குக் கோட்டை கொஞ்சம் அதிகமோ? அடுத்து, சொந்த அணிக்காரர் மேலேயே ஒளி படுவது. சில அரங்குகளில் அதற்குப் புள்ளி குறைப்பார்கள், சில இடங்களில் கருவியே கணக்கில் எடுக்காது. இதற்கு ஒரு சொல் இல்லாமல் பலகையில் நான்கு வரி வீணாகிறது. இலங்கை நண்பர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கரப்பந்து (வாலிபால்), துடுப்பாட்டம் (கிரிக்கெட்) என்று விளையாட்டுகளுக்குச் சொல் வைத்துப் பழகியவர்கள், இதற்கும் ஏதாவது வைத்திருப்பீர்கள். எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து