ஜெர்மனி நெடுஞ்சாலைல (ஆட்டோபான்) பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றாங்க, என்ன பண்றது?

ஸ்டுட்கார்ட் புதுசு:
அவசரம், யாராவது இருந்தா சொல்லுங்க. இன்னைக்கு ஆட்டோபான்ல ஒரு கறுப்பு வண்டி என் டிக்கியை முட்டுற மாதிரி வந்து லைட் அடிச்சுக்கிட்டே இருந்தான். கை நடுங்கி, அடுத்த பார்க்கிங்ல நிறுத்திட்டேன். நாளைக்குக் காலைல ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல அம்மா அப்பா வந்து இறங்குறாங்க. சென்னையில வருஷக்கணக்கா ஓட்டினவன் நான். இந்த மாதிரி ஆளுங்களை எப்படிச் சமாளிக்கிறீங்க?

மியூனிக் மச்சி:
பிரேக்கை லேசா ஒரு தட்டு தட்டுங்க ப்ரோ. சிவப்பு லைட்டைப் பார்த்ததும் அடங்கிடுவான். அதுக்கும் மசியலன்னா பின்பக்க ஃபாக் லைட்டைப் போடுங்க.

நூர்ன்பெர்க் நித்யா:
ரெண்டுமே வேண்டாம். காரணமில்லாம பிரேக் அடிக்கிறது இங்க தப்பு, இடிச்சா பழி உங்க தலையிலயும் விழும். பின்பக்க ஃபாக் லைட் மூடுபனியில 50 மீட்டர் கூடக் கண்ணுக்குத் தெரியாதப்ப மட்டும்தான். அது இருக்கட்டும், எந்த லேன்ல போனீங்க? என்ன வேகம்?

டோர்ட்முண்ட் அண்ணை:
தம்பி, பயப்பிடாதேங்கோ. நாங்கள் வந்த காலத்தில அகதி விண்ணப்பம் முடியுமட்டும் மாவட்டம் தாண்டவே அனுமதியில்லை. பிறகு ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவின காசிலதான் லைசன்ஸ் எடுத்தனான். குளிருக்க சைக்கிளில வேலைக்குப் போன ஆக்கள் நாங்கள். இப்பவும் ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கு ஏ2 ஆட்டோபானில போகேக்க லொறிக்குப் பின்னாலதான் ஆறுதலாப் போறனான். ஒருத்தனும் லைற் அடிக்கிறேல்லை.

ஃபிராங்க்ஃபர்ட் பாலா:
அண்ணே, லாரி 80-ல ஊர்ந்துக்கிட்டிருக்கும், முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. பின்னாடி இன்னொரு லாரி. நான் அப்படிப் போகவே மாட்டேன். தம்பி, நம்பர் நோட் பண்ணீங்களா? போலீஸ்ல குடுங்க. லைட் அடிக்கிறதே கிரிமினல் கேஸ்.

நூர்ன்பெர்க் நித்யா:
அப்படி இல்ல பாலா. ஊருக்கு வெளியே, முந்தப் போறேன்னு சொல்ல ஒரு தடவை லைட் அடிக்கச் சட்டத்துலயே இடம் இருக்கு. விடாம ஒட்டிக்கிட்டு வந்து மிரட்டினாத்தான் கேஸ்.

மியூனிக் மச்சி:
புகார் குடுத்து ஆகப் போறது ஒண்ணுமில்ல. பேசாம ரயில்ல போங்க. ஆனா ரயில் நேரத்துக்கு வர்றதா இருந்தா நாம எதுக்கு கார் வாங்கப் போறோம்?

ஃபிராங்க்ஃபர்ட் பாலா:
ரயிலை விடுங்க. நம்ம ஊர் லைசன்ஸ் இங்க ஆறு மாசம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டுறதுன்னு எல்லாம் முதல்லேருந்து. ஜப்பான்காரனுக்கு ஒரு தேர்வும் கிடையாது, அப்படியே மாத்திக் குடுத்துடுறாங்க. நமக்கு மட்டும் தேதி கிடைக்கவே தவம் கிடக்கணும்.

டோர்ட்முண்ட் அண்ணை:
உங்களுக்காவது இங்கிலிசில சோதினை எழுதலாம். அந்தக் காலத்தில எங்களுக்கு...

ஸ்டுட்கார்ட் புதுசு:
எல்லாருக்கும் நன்றி, ஆனா நாளைக்கு நான் என்ன பண்ணணும்? நித்யா கேட்டதுக்கு: மூணு லேன்ல இடது ஓரம், 110. வலது ஓரம் முழுக்க லாரி, அதான் இடதுலயே போயிட்டிருந்தேன். மெதுவா ஒண்ணும் போகலையே?

நூர்ன்பெர்க் நித்யா:
நம்ம ஊருக்கு 110 வேகம்தான். ஆனா இங்க இடது லேன் முந்துறதுக்கு மட்டும். வேக வரம்பு போர்டு இல்லாத இடத்துல 130-ங்கிறது வெறும் பரிந்துரை, 200-ல வர்றவனும் சட்டப்படிதான் வர்றான். உங்களுக்கும் அவனுக்கும் 90 கிலோமீட்டர் வித்தியாசம், அதாவது நொடிக்கு 25 மீட்டர். 200 மீட்டர் தள்ளி கண்ணாடியில புள்ளியாத் தெரிஞ்சவன் எட்டு நொடியில உங்க டிக்கியில நிப்பான். அதனால இடதுக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்க, தோளைத் திருப்பிப் பாருங்க, திரும்பவும் கண்ணாடியைப் பாருங்க. வண்டி தூரத்துல தெரிஞ்சாலும் அவன் போகட்டும்னு விட்டுடுங்க.

வலதுல அங்கங்க லாரி போயிட்டிருந்தா நடு லேன்லயே தொடர்ந்து போகலாம், தப்பில்ல. ரொம்ப தூரத்துக்குக் காலியா இருந்தா வலதுக்கு வந்துடணும். முந்தும்போது எவனாவது ஒட்டினா, அவனுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டாதீங்க, ரெண்டு லாரிக்கு நடுவுல திடீர்னு நுழையவும் வேண்டாம். முந்தி முடிச்சு, இடம் கிடைச்சதும் வலது இண்டிகேட்டர் போட்டு விலகுங்க. கண்ணாடி வழியா முறைக்கிறது, விரல் காட்டுறது எதுவும் வேண்டாம். விரலுக்கு இங்க நிஜமாவே கேஸ் போடுவாங்க, மச்சிக்குத் தெரியும்.

அந்தக் கடுப்புல நீங்க முன்னாடி போறவனை ஒட்டிடாதீங்க. ஸ்பீடோமீட்டர் காட்டுறதுல பாதி, அதுதான் மீட்டர் கணக்குல இடைவெளி. 120-ன்னா 60 மீட்டர். ஓரத்துல நிக்கிற வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவுல 50 மீட்டர், அதை வச்சுக் கணக்குப் போடலாம். அந்த இடைவெளியிலயும் பாதிக்குக் கீழ குறைஞ்சா, கேமரா பிடிச்சு 75 யூரோ அபராதமும் லைசன்ஸ் கணக்குல ஒரு தண்டனைப் பாயிண்டும் வரும். இன்னும் நெருங்கினா லைசன்ஸையே ஒரு மாசம் வாங்கி வச்சுக்குவாங்க.

சாலை வேலை நடக்கிற இடத்துல வலது லேன்லயே இருங்க. இடது லேனுக்கு அகல வரம்பு போட்டிருப்பாங்க, கண்ணாடியோட சேர்த்து அளந்தா நிறைய கார் அதுக்குள்ள அடங்காது. நெரிசல் வந்துட்டா இடது லேன் வண்டி இடது ஓரமா, மத்த எல்லாரும் வலது ஓரமா ஒதுங்கி நடுவுல ஆம்புலன்ஸுக்கு வழி விடணும். சைரன் கேட்ட பிறகு இல்ல, வண்டிங்க ஊர ஆரம்பிக்கும்போதே. இதுக்கு அபராதம் 200 யூரோவுல ஆரம்பிக்குது.

ஆமா, நீங்க இங்க வந்து ஆறு மாசம் தாண்டிடுச்சா? தாண்டியிருந்தா நாளைக்கு நீங்க ஓட்டவே கூடாது.

ஸ்டுட்கார்ட் புதுசு:
இல்லீங்க, அடுத்த மாசம்தான் முடியுது. ஏ8 வழியா கார்ல்ஸ்ரூ, அங்கேருந்து ஏ5. ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுறேன்.

ஃபிராங்க்ஃபர்ட் பாலா:
திரும்பும்போது காலை நெரிசல்ல மாட்டுவீங்க. அப்பா அம்மாவை உக்கார வச்சு ஒரு காபி வாங்கிக் குடுத்துட்டு மெதுவாக் கிளம்புங்க.

டோர்ட்முண்ட் அண்ணை:
ஊரில இருந்து வாற ஆக்கள் ஆளுக்கு ரெண்டு பெட்டி கொண்டு வருவினம். தம்பிட கார் சின்னனோ? பின் கண்ணாடியை மறைச்சு அடுக்காதேங்கோ, பிறகு பின்னால வாறவனைப் பார்க்கவே ஏலாது.