டூசானில் பழைய கட்டடப் பாதுகாப்பு வேலை: போகலாமா?

நித்யா_நாகர்கோவில்:
பி.ஆர்க். முடித்துவிட்டு அரிசோனாவின் டூசானில் மேற்படிப்பு படிக்கிறேன். ஹெரிடேஜ் கன்சர்வேஷன் பக்கம் போக ஆசை. கூடப் படிக்கிறவர்களோ, "ஃபார்ம் நிரப்பியே காலம் போயிடும், டிசைன் பண்ண விடமாட்டாங்க" என்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

மட்டப்பலகை:
ஃபார்ம் உண்டுதான் தங்கச்சி. ஆனா அதுக்கு முன்னாடி சுவரைச் சுரண்டணும். நான் இங்க பழைய மண்வீடுகள்ல வேலை பார்க்கிறேன். பாதி நேரம், முந்தின தலைமுறை நல்லெண்ணத்துல பூசின சிமென்டை உரிக்கிறதுதான் வேலை. சுடாத மண்கல் சுவர் தரையிலேருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே விட்டுடும். மேல சிமென்ட் பூசினா போக வழியில்லாம அடிச்சுவர் உள்ளுக்குள்ளேயே கரையும். பார்த்தா ஒண்ணும் தெரியாது. தட்டினா பொக்குன்னு கேக்கும்.

சான் சேவியர் டெல் பாக் தேவாலயத்தைப் போய்ப் பாரு. 1783-97ல எழுப்பினது, சுட்ட செங்கல். அங்கயும் சிமென்ட் பூச்சு ஈரத்தை அடைச்சு உள்ளே ஓவியங்கள் கெட்டுச்சு. அதை எடுத்துட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினாங்க, சப்பாத்திக்கள்ளியோட கொழகொழச் சாறு சேர்த்து. நம்மூர்ல கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவெச்சு ஊத்துவாங்களே, அந்த மாதிரி. இதெல்லாம் எனக்குச் சாரத்துல நின்ன கொத்தனார் சொல்லித்தான் தெரியும், வகுப்புல இல்ல.

நித்யா_நாகர்கோவில்:
சரிண்ணா, சொந்தமா வரையறது?

மட்டப்பலகை:
இந்த ஊர்க் கட்டடக் கலைஞர் ஜூடித் சேஃபியோட ரமாடா ஹவுஸ், 1975. வீட்டுக்கு மேல மரச்சட்டப் பந்தல் தனியா நிக்கும். வெயிலைப் பந்தல் வாங்கிக்கும், நடுவுல காத்து ஓடும். இங்கத்துப் பூர்வகுடி ஓ'ஓதம் மக்கள் வாசல்ல போடுற பந்தலை நல்லா பார்த்தவங்களுக்குத்தான் அப்படித் தோணும். இப்ப மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்சுட்டு ஏசி டன் கணக்குப் போடுறாங்க, அதுக்கு விருது வேற! சம்பளம் அந்த மாதிரி ஆபீஸ்லதான் அதிகம், அதையும் சொல்லிடறேன்.

வரிக்காரன்:
ஃபார்மைக் கேலி பண்ணாதீங்க. அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் தகுதியான செலவில் 20% மத்திய வரிச் சலுகை. உரிமையாளர் இடிக்காமல் இருப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம். பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1966லேயே வந்தும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கன்வென்ஷன் சென்டருக்காகப் பழைய பாரியோவில் (மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம் வாழ்ந்த குடியிருப்பு) பெரும்பகுதியை இடித்த ஊர் இது.

மட்டப்பலகை:
உண்மை. நித்யா, ஜூலைல மழை தொடங்கும். பூட்ஸ் போட்டுட்டு வா, எந்தச் சுவர் தண்ணி குடிக்குதுன்னு காட்டறேன்.