வாழ்த்து அட்டையை மூடினால் மரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது

அம்மாபேட்டை அம்மா:
வணக்கம்ங்க. ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மிளகு பறித்தவர். அட்டையைச் சேலத்திலிருந்து அங்கேதான் கொண்டுபோக வேண்டும். நான்காவது படிக்கும் என் மகள், திறந்தால் சில்வர் ஓக் மரம் எழுந்து நிற்கும் அட்டை ஒன்றைத் தாத்தாவுக்காகச் செய்கிறாள். கடையில் எதுவும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள், பழைய காலண்டர் அட்டை, நோட்டுக்குப் போட்ட பிரவுன் ஷீட், அவ்வளவுதான்.

அட்டையை மடித்தால் ஒரு பக்கம் 14 செ.மீ. உயரம். மடிப்பிலிருந்து 4 செ.மீ. முன்னால் வருகிற மாதிரி காகிதத்தில் ஒரு சின்ன மேடை ஒட்டி, அதன் முகப்பில் 12 செ.மீ. மரத்தை ஒட்டினோம். திறந்தால் அழகாக நிற்கிறது. மூடினால் மரத்தின் தலை 2 செ.மீ. வெளியே வந்துவிடுகிறது. தலையை வெட்டலாம் என்றேன், அழுதுவிட்டாள். இலை இலையாக வரைந்த மரம் அது. வேறு வழி இருக்கிறதா?

செவ்வாய்பேட்டை பைண்டர்:
மரத்தில் கை வைக்காதீர்கள் அம்மா. மேடையைக் குறைத்தால் போதும். அட்டையை மூடும்போது மேடை முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கும். அப்போது மரத்தின் நுனி, மடிப்பிலிருந்து மேடையின் ஆழமும் மரத்தின் உயரமும் சேர்ந்த தூரத்தில் இருக்கும். உங்களுக்கு 4, 12, மொத்தம் 16. பக்கமோ 14. அந்த 2 செ.மீ.தான் வெளியே நிற்கிறது. மேடையை 1.5 ஆக்குங்கள். 13.5 வரும், உள்ளே அடங்கிவிடும்.

புது மேடை வெட்டும்போது ஒன்றைப் பாருங்கள். முகப்பு எத்தனை உயரமோ, பின்னால் நிமிர்ந்து நிற்கும் அட்டைப் பக்கத்தில் அதே உயரத்தில்தான் மேடையின் மேல்பகுதியை ஒட்ட வேண்டும். அரை செ.மீ. பிசகினாலும் மூடும்போது சுருங்கி மடியும்.

பத்திரிகை அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பு வெடிக்கும். மை தீர்ந்த ரீஃபில்லை ஸ்கேலோடு வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். அதற்கு முன்னால் அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவு எந்தக் கோட்டில் விழுகிறதோ, காகிதத்தின் நார் அந்தக் கோட்டின் வாக்கில் ஓடுகிறது, மடிப்பும் அதே வாக்கில் போகட்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன், இதைப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட மடித்ததில்லை.

மைதா பசை வேண்டாம். நாங்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்போம், குழந்தை கைக்கு ஆகாது. ஃபெவிக்காலைக் குச்சியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, இரவு முழுக்கப் புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:
அக்கா, ஒட்டுகிற வேலையெல்லாம் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். போன வருஷம் மேலே வந்து ஒட்டலாம் என்று நினைத்தேன். அன்றைக்குப் பனிமூட்டம், பசையும் காயவில்லை, அட்டையும் நமுத்துப்போய் வளைந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பையில் புரளாமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள், மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு.

அப்புறம், சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம்தான் வெள்ளியாக மின்னும். காபித்தூள் பாக்கெட்டின் உள்பக்கத்தை நறுக்கிச் சில இலைகளுக்கு ஒட்டுங்கள். அதில் பசை நிற்காது, டபுள் சைடு டேப் போடுங்கள். மிளகுக்கொடியும் உண்டுதானே? கொடி இல்லாத சில்வர் ஓக்கைத் தாத்தா தோட்டத்தில் பார்த்திருக்கவே மாட்டார்.

அம்மாபேட்டை அம்மா:
அண்ணா, மூடிவிட்டது! 1.5 செ.மீ. மேடைதான். மரம் முழுசாக உள்ளே படுக்கிறது, திறந்தால் நிமிர்கிறது. நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டாள்.

தம்பி, கொடியும் ஏறிவிட்டது. பிரவுன் ஷீட்டை நீளமாகக் கத்தரித்து மரத்தில் சுற்றினோம். பச்சைப் பத்திரிகையில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, விழுந்த வட்டங்களைச் சரம் சரமாக ஒட்டினாள். ஒவ்வொரு சரத்திலும் ஒரே ஒரு வட்டம் சிவப்பு. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணு பழுத்தாத்தான் தாத்தா பறிப்பாரும்மா" என்றாள்.