டிசம்பரில் குடும்பத்துடன் பெர்த் பயணம்: வெயில், கடற்கரை, ராட்னெஸ்ட் தீவு குறித்து ஆலோசனை தேவை

வைகறை:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் நாங்கள், பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பரில் ஒரு வாரம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றுவர எண்ணியுள்ளோம். விமானப் பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம்தான் என்பதாலும், இரு நகரங்களுக்கும் நேர வேறுபாடு இல்லை என்பதாலும் சிட்னியைத் தவிர்த்து இந்நகரைத் தேர்ந்தெடுத்தோம். நானும் கணவரும், எட்டு வயது மகனும், எழுபதைக் கடந்த என் மாமியாரும் செல்கிறோம். மகனுக்குக் கடலில் விளையாட வேண்டும். முழங்கால் வலி உள்ள மாமியாருக்கு அதிகம் நடக்காமல் அமர்ந்து பார்க்கத்தக்க இடங்கள் வேண்டும்.

பயண முகவர் அளித்த திட்டத்தில் காலை முழுவதும் கடைவீதிகளும் நகரச் சுற்றுலாவும், மதிய உணவுக்குப் பின் கடற்கரையும் என்று வகுக்கப்பட்டுள்ளது. இது சரியான முறைதானா? அங்குள்ள வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும் அது பொருந்துமா? வாடகைக் கார் இல்லாமல் சமாளிக்க இயலுமா? விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேற்குக்கரை:

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகளாக இந்நகரில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகவரின் திட்டத்தை அப்படியே தலைகீழாக மாற்றிவிடுங்கள். காலையில் கடற்கரை, நண்பகலில் நிழலும் கூரையும், மாலையில் பூங்காவோ ஆற்றங்கரையோ என்பதே பெர்த்தின் கோடைக்கு ஏற்ற ஒழுங்கு.

இதற்குக் காரணம் காற்று. கோடைக் காலையில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எங்கள் கடற்கரைகள் மேற்கு நோக்கியவை ஆதலால், அந்த நேரத்தில் காற்று நம் முதுகுப்புறம் இருக்க, தண்ணீர் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். சிறுவர்கள் இறங்குவதற்கு அதுவே தக்க பொழுது. நண்பகல் நெருங்கும்போது உள்நிலம் சூடேறி அங்குள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று புறப்பட்டு வரும். அதற்கு இங்கே, அருகிலுள்ள துறைமுக நகரான ஃபிரிமேன்டிலின் பெயரால் ‘ஃபிரிமேன்டில் டாக்டர்’ என்றே பெயர். தகிக்கும் நகரத்துக்கு மருத்துவரைப் போல ஆறுதல் தருவதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நகருக்கு அது வரம்தான், ஆனால் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அப்படியல்ல. குடை நிற்காது, மணல் கெண்டைக்காலில் ஊசியாய்க் குத்தும், துண்டின் நான்கு முனைகளிலும் செருப்பை வைத்தாலும் அது புரண்டுவிடும், கடலும் கொந்தளிப்பாகிவிடும். உங்கள் முகவர் குறித்துக் கொடுத்திருப்பது சரியாக இந்த நேரத்தைத்தான்.

வெயிலைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பாதுகாப்புத் தேவை என்பது இங்குள்ள சுகாதார அறிவுரை; டிசம்பர் நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கமான செய்தி. இதற்குக் காரணங்கள் பல: ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, காற்றில் தூசு குறைவு, கோடையில் மேகமும் அரிது. சிங்கப்பூரிலும் இந்தக் குறியீடு உயரத்தான் செய்யும். ஆனால் அங்கே வியர்வையும் புழுக்கமும் நம்மைத் தாமாகவே நிழலுக்குத் துரத்திவிடும். இங்கே உலர்ந்த காற்றும், பிற்பகலில் வீசும் குளிர்ந்த கடற்காற்றும் அந்த உணர்வையே இல்லாமல் செய்துவிடுகின்றன. உடல் குளிர்ச்சியாக இருக்கும்போதே தோல் வெந்துகொண்டிருக்கும். நம் தோலின் நிறம் ஓரளவு காப்பு தரும் என்பது உண்மைதான், ஆனால் அது முழுமையான காப்பு அன்று. கண்களுக்கோ அந்தக் காப்பும் இல்லை. ஆகவே மகனுக்கு முழங்கை வரை மறைக்கும் நீச்சல் மேலாடையும், கழுத்தை மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பியும் கட்டாயம். எஸ்பிஎஃப் 50+ வெயில் காப்புக் களிம்பை வெளியே இறங்குவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள்.

உங்கள் குடும்பத்துக்குக் காட்டஸ்லோ கடற்கரையைப் பரிந்துரைக்கிறேன். மணலுக்கு மேலே சரிவான புல்வெளிப் படிக்கட்டுகளும் உயர்ந்த நார்ஃபோக் பைன் மரங்களும் இருப்பதால், மாமியார் மணலில் கால் வைக்காமலேயே நிழலில் அமர்ந்து கடலையும் பேரனையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டுமே மகனை இறங்க விடுங்கள். உயிர்காப்பாளர்கள் கண்காணிப்பது அந்தப் பகுதியைத்தான். கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்கள் மேலிருந்து பார்க்கையில் அலையற்ற அமைதியான தண்ணீராகவே தோன்றும் என்பதையும் மறவாதீர்கள்.

நகருக்குள் கார் தேவையில்லை. விமான நிலைய ரயில் பாதை 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது. நகர மையத்தில் ‘கேட்’ பேருந்துகள் இலவசம். காட்டஸ்லோவும் ஃபிரிமேன்டிலும் ஒரே ரயில் பாதையில் உள்ளன. காட்டஸ்லோ நிலையத்திலிருந்து கடற்கரை வரையிலான தூரம் மட்டும் மாமியாருக்குக் கடினம் என்பதால் அங்கே டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம்:

மேலே நண்பர் எழுதியதுடன் உடன்படுகிறேன், ஆயினும் மாதத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் வரும். கடற்காற்று வரத் தவறிய நாளில் முதியவர்களுக்கு அது பெரும் துன்பம். செப்டம்பர் மாதம் கிங்ஸ் பூங்காவில் மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுப் பூக்கள் நிறைந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். கடல் மட்டும் குளிரும். கடலும் வேண்டும் என்றால் மார்ச் சிறந்தது.

எந்த மாதமானாலும் கிங்ஸ் பூங்காவைத் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்பில் பெரும்பகுதி இயற்கையான புதர்க்காடு. மாமியாருக்கு ஏற்ற இடம் ஸ்வான் ஆற்றையும் நகரையும் பார்க்கும் மேட்டுப் பகுதி. வாகனம் அருகிலேயே நிற்கும். ‘கிஜா ஜுமுலு’ என்ற பெரிய போவாப் மரத்தையும் காட்டுங்கள். வடக்கே வார்முன் பகுதியில் சாலைப் பாலப் பணிக்கு இடையூறாக நின்ற அந்த மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்து, 2008-இல் 3,200 கிலோமீட்டர் தூரம் லாரியில் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். அது துளிர்த்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

வைகறை:

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளி விடுமுறை காரணமாக மாதத்தை மாற்ற இயலாது. எனவே காலையில் கடற்கரை என்று திட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். பெர்த்துக்கு அருகே கடலில் உள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு மாமியாரை அழைத்துச் செல்வது உசிதமா? அங்கே மிதிவண்டியில்தான் சுற்ற வேண்டும் என்று படித்தேன். மேலும், அவர் வைத்திருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. எங்களுடையவை சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுகள்.

அலைவாய்:

தாராளமாக அழைத்துச் செல்லலாம். தீவில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை என்பதால் மிதிவண்டி பிரபலமே தவிர, தீவைச் சுற்றி வரும் பேருந்தும் உண்டு. நினைத்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். நகரத்திலிருந்து ஆற்று வழியே செல்லும் படகு நெடுநேரம் எடுக்கும்; ஃபிரிமேன்டிலிலிருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். முதல் படகையே முன்பதிவு செய்யுங்கள். பிற்பகல் காற்றில் திரும்பும் பயணம் சற்று ஆட்டம் காணும் என்பதால், மாமியாருக்குக் கீழ்த்தளத்தின் பின்பகுதியில் இருக்கை பிடித்துக் கொடுங்கள்.

தீவின் புகழ்பெற்ற சிறு விலங்குகளான குவாக்காக்களைத் தேடி அலைய வேண்டாம். படகு இறங்கும் தாம்சன் விரிகுடாக் குடியிருப்பிலேயே உணவகத்து மேசைகளுக்கு அடியில் அவை உலாவும். பூனை அளவே உள்ள, பையில் குட்டி சுமக்கும் இந்த விலங்குகளைத்தான் 1696-இல் வந்த டச்சு மாலுமி விளாமிங் பெரிய எலிகள் என்று எண்ணி, தீவுக்கு ‘எலிக்கூடு’ எனப் பொருள்படும் பெயரை வைத்தார். அவற்றைத் தொடுவதும் உணவளிப்பதும் கூடாது. மகனிடம் படகிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இப்பகுதியின் பழங்குடியினரான நூங்கார் மக்கள் இத்தீவை ‘வாஜமப்’ என்கிறார்கள். 1838 முதல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பழங்குடி ஆண்களும் சிறுவர்களும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளிலிருந்து இங்கே கைதிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் இங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். குடியிருப்புக்கு அருகிலேயே அந்த அடக்கத்தலம் உள்ளது. குவாக்காவுடன் படம் எடுத்துக்கொண்டு அதைக் கடந்து செல்பவர்களே மிகுதி. நீங்கள் சில நிமிடங்களாவது அங்கே நின்று வாருங்கள்.

மேற்குக்கரை:

விசாவைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு மின்னணுப் பயண அனுமதி செயலி வழியாக எளிதில் கிடைத்துவிடும். மாமியாருக்கு அது பொருந்தாது. 600 என்ற வகையில் வருகையாளர் விசாவுக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் நெருக்கடிக்கு முன்பே, பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்துவதற்கும் முன்னதாகவே அதை முடித்துவிடுங்கள்.

அவருக்காக ஊறுகாய், பொடி வகைகள், பலகாரம் எடுத்துவந்தால், விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவுப் பொருள் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்றே குறியிடுங்கள். அறிவித்த பொருளை அதிகாரிகள் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் கொண்டுவந்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும் மட்டும் பெட்டியில் வேண்டவே வேண்டாம்.