போர்ப் பகுதியில் கான்ட்ராக்ட் ஹெலிகாப்டர் வேலை: ஒத்துக்கொள்ளலாமா?

வடகாற்று:
கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். இப்போது தெற்கு சூடானில் ஐ.நா. பணிக்கு ஹெலிகாப்டர் கொடுக்கும் ஒரு நிறுவனம் எம்ஐ-8 என்ற ரஷ்யத் தயாரிப்பு ஹெலிகாப்டரில் கோ-பைலட் வேலை தருவதாகச் சொல்கிறது. டைப் ரேட்டிங் (அந்த வகை ஹெலிகாப்டரை ஓட்டுவதற்கான பயிற்சியும் தகுதியும்) செலவு அவர்களுடையது, அதற்கு இரண்டு வருஷம் விலகமாட்டேன் என்று பாண்ட். ஆறு வாரம் அங்கே, ஆறு வாரம் வீட்டில். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உணவு மூட்டை, பணியாளர்கள், சில சமயம் காயம்பட்டவர்கள், இவ்வளவுதான் ஏற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். மனைவி வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஆபத்து இருக்கிறது என்பது தெரிந்ததுதான். அது எந்த மாதிரி ஆபத்து, யாரிடம் என்ன கேட்டால் உண்மை வெளியே வரும், இதுதான் பிடிபடவில்லை. அங்கே பறந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சிறகு:
தம்பி, அந்தப் பக்கம் பறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2012 டிசம்பர் 21 அன்று ஜொங்லெய் மாநிலத்தில் ஐ.நா.வுக்காகப் பறந்த எம்ஐ-8 ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. உள்ளே இருந்த ரஷ்யக் குழுவினர் நான்கு பேரும் இறந்தார்கள். சுட்டது அந்த நாட்டு ராணுவமே, தவறுதலாகச் சுட்டுவிட்டோம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2014 ஆகஸ்டில் பென்டியு பக்கம் இன்னொரு எம்ஐ-8, அதில் மூன்று பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 7 அன்று நாசிரில் காயம்பட்ட ராணுவத்தினரை வெளியேற்றப் போன ஐ.நா. ஹெலிகாப்டர்மீது சுட்டதில் குழுவில் ஒருவர் இறந்தார். அந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பு உறுதிமொழி முன்கூட்டியே வாங்கப்பட்டிருந்தது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புறப்படும் முன் உன் கையில் ஒரு அனுமதித் தாள் இருக்கும், இரண்டு தரப்பும் சம்மதித்ததாக எழுதியிருக்கும், ஆனால் புதருக்குள் துப்பாக்கியோடு நிற்கும் பையனுக்கு அந்தச் சம்மதம் போய்ச் சேர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

அதனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, கேப்டன் போகமாட்டேன் என்று சொன்னால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதுதான். ஆள் எடுப்பவரிடம் கேட்காதே, அவர் பாதுகாப்புதான் முதலில் என்று அழகாகச் சொல்வார். இப்போது அங்கே பறந்துகொண்டிருக்கும் இரண்டு பேரின் எண்ணை வாங்கி, கடைசியாக எந்தப் பயணத்தை யார் ரத்து செய்தார்கள், அவருக்கு அடுத்த ரொட்டேஷன் (அடுத்த ஆறு வார முறை) கிடைத்ததா என்று கேள். கேட்டதும் பதில் வந்தால் நல்ல இடம். யோசித்து யோசித்துப் பேசினால் விட்டுவிடு.

நீ போவதோ கோ-பைலட்டாக. பல இடங்களில் எம்ஐ-8 குழுவினர் தங்களுக்குள் ரஷ்ய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள், நெருக்கடி வந்தால் இன்னும் வேகமாக. தூசியில் இறங்குவதைக் கடலில் நீ பார்த்திருக்க மாட்டாய். லோட்மாஸ்டர் (சரக்கைப் பார்த்துக்கொள்ளும் குழு உறுப்பினர்) கதவருகே தலையை நீட்டி உயரம் சொல்லிக்கொண்டே வருவார், தூசி வாலில், தூசி கதவில், தூசி காக்பிட்டில் என்று. கடைசி வார்த்தை வரும்போது பக்கத்து ஜன்னலில் ஒரு கல்லோ செடியோ உன் கண்ணில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே எழும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் நீ சொல்லும் ஒரு சொல் கேப்டனுக்குப் புரிய வேண்டும், அவர் அதற்கு மதிப்புக் கொடுப்பவராகவும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், நான் போனதற்காக வருத்தப்படவில்லை. மழைக்காலத்தில் அந்த நாட்டின் பெரும்பாலான சாலைகள் சேற்றில் மூழ்கிவிடும், அப்போது மேலிருந்து வருவது மட்டும்தான் பல ஊர்களுக்குச் சாப்பாடும் மருந்தும்.

போல்ட்நட்:
நான் பைலட் இல்லை, பராமரிப்புப் பக்கம். அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லோரும் துப்பாக்கியை மட்டுமே பார்க்கிறார்கள். 2024 ஜனவரி 10 அன்று சோமாலியாவில் ஐ.நா. ஒப்பந்த ஹெலிகாப்டர் ஒன்று மருத்துவப் பணிக்குப் போகும் வழியில் கோளாறு காரணமாக அவசரமாகத் தரையிறங்கியது. இறங்கிய இடம் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்த பகுதி. உள்ளே இருந்தவர்களில் பலர் பிடிபட்டார்கள். வேறு எங்காவது என்றால் வயலில் இறக்கிவிட்டு மெக்கானிக்குக் காத்திருந்திருப்பார்கள். அங்கே ஒரு சின்னக் கோளாறுகூட ஆளையே பறிகொடுக்கும் விஷயம்.

ஆகவே இயந்திரம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முகாமில் எத்தனை இன்ஜினியர்கள், உதிரி பாகம் வர எத்தனை நாள் ஆகிறது, டெக் லாக்கில் (பழுதுகளை எழுதிவைக்கும் பதிவேட்டில்) தள்ளிவைத்த பழுதுகள் எத்தனை, அதில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறதா. தூசி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பிளேடை அரம் வைத்து ராவியதுபோல் தின்றுவிடும். எம்ஐ-8-க்குத் தூசித் தடுப்பு உண்டு, ஆனால் அதைப் போட்டால் எஞ்சின் சக்தி கொஞ்சம் குறையும். வெயில் நேரத்தில் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கொஞ்சமே பெரிசு. எடைத் தாளில் எழுதியதும் உள்ளே ஏறியதும் ஒன்றுதானா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் நிற்கும் தராசு வேலை செய்கிறதா என்பதையும் கேளுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஷரத்து:
இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன். தனிநபர் ஆயுள் காப்பீடுகள் பலவற்றில் போரும் போர் போன்ற செயல்களும் விலக்கு, பயணியாக இல்லாமல் பறப்பதும் விலக்கு. உங்களிடம் இப்போது இருக்கும் பாலிசி அங்கே போன நிமிஷத்திலிருந்து செல்லாக்காசாக இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டையும் (உடல்நிலையால் பறக்கும் தகுதி போனால் பணம் தருவது) சேர்த்து.

நிறுவனம் எங்களிடம் காப்பீடு இருக்கிறது என்று சொன்னால் அது பெரும்பாலும் ஹெலிகாப்டருக்கும் மூன்றாம் தரப்புக்கும் எடுத்தது. உங்கள் பெயரும் நாமினி பெயரும் தொகையும் போட்ட சான்றிதழின் நகல் வேண்டும், அதில் போர் அபாயம் உண்டு, தெற்கு சூடான் உண்டு, பணயக் கைதியாகப் பிடிபட்டாலும் உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். போர் அபாயக் காப்பீட்டை ஏழு நாள் முன்னறிவிப்பில் ரத்து செய்யும் ஷரத்து விமானக் காப்பீட்டில் வழக்கமானது. அப்படி ரத்தானால் அன்றே பறப்பது நிற்குமா, நீங்கள் சும்மா இருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள். அமெரிக்க அரசு ஒப்பந்தமாக இருந்தால் வேலையில் காயமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு தரும் 1941-ஆம் வருஷத்து டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். உங்களுடையது ஐ.நா. ஒப்பந்தம் என்பதால் அந்தப் பாதுகாப்பு இருக்காது, முழுக்க இந்தக் கான்ட்ராக்ட் தாள்தான்.

இன்னொன்று. உணவு, பணியாளர் என்பதோடு நின்றால் நீங்கள் சாதாரணக் குடிமகன். சண்டையிடும் தரப்பு ஒன்றின் படைவீரர்களையும் வெடிமருந்தையும் ஏற்ற ஆரம்பித்தால் சட்டப்படியே அந்த ஹெலிகாப்டர் இலக்காகிவிடும். என்ன ஏற்றலாம் என்பது கான்ட்ராக்டில் இருக்கிறதா?

காத்திருப்பவள்:
என் கணவர் இந்த வேலையில் இருக்கிறார். உங்கள் மனைவி எழுந்து போகிறார் என்றால் அவரிடம் சம்மதம் கேட்காதீர்கள், விவரம் கொடுங்கள். ஏதாவது ஆனால் எனக்கு யார் போன் செய்வார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்த மொழியில் என்று நான் கேட்டேன். நிறுவனத்தில் ஒருவரின் பெயரும் எண்ணும் கிடைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. முதல் ரொட்டேஷனில் சம்பளம் இரண்டு மாதம் தாமதமானது, அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள். வீடு திரும்பியதும் முதல் வாரம் அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அப்புறம் தானாகப் பேசுவார்.

வடகாற்று:
எல்லோருக்கும் நன்றி. காப்பீட்டுச் சான்றிதழும், அங்கே பறக்கும் இரண்டு பேரின் எண்ணும் கேட்டு மெயில் போட்டேன். ஒரு எண் வந்தது, பேசினேன், ரத்து செய்த பயணங்களைப் பற்றித் தயங்காமல் சொன்னார். சான்றிதழ் சேர்ந்த பிறகு தருவோம் என்கிறார்கள். பாண்டில் இரண்டு வருஷத்துக்குள் எந்தக் காரணத்துக்காக விலகினாலும் பயிற்சிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும் என்று இருக்கிறது.

பழைய சிறகு:
எந்தக் காரணத்துக்காகவும் என்றால், பறக்க மறுத்ததற்காக அவர்களே உன்னை அனுப்பினாலும் நீதான் கட்டுவாய். பாதுகாப்புக் காரணமாகப் பறக்க மறுப்பது பாண்டை மீறியதாகாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல். மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்றும் சொல். கையெழுத்துக்கு முன் சான்றிதழ் தராத இடத்துக்கு நான் போகமாட்டேன். சேர்க்க மறுத்தால் கடல் வேலையிலேயே இரு, இன்னொரு அழைப்பு வரும்.

வடகாற்று:
அந்த வரியைக் கேட்டு இன்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறோம் என்றார்கள். இந்த இழையை மனைவியிடம் காட்டினேன். உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். போன் செய்பவர் யார் என்பதை நீங்கள் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டாள், அதையும் மெயிலில் சேர்த்தேன்.