புதுப்பிப்பு: நெய், தயிர் இல்லாமல் மதுரையில் இலைச் சாப்பாடு

உறவினர்களோடு ஓட்டலுக்குப் போகும்போது, வீகனான (பால், நெய் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாத) நான் யாரையும் சங்கடப்படுத்தாமல் எப்படிச் சாப்பிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, உட்காரும் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடச் சொன்னவரின் யோசனைதான். "பால், தயிர், மோர், நெய் சேர்க்க மாட்டேன் அண்ணே, எதெதில் இருக்கும்?" என்று கேட்டேன். சமையல்கட்டில் விசாரித்து வந்து சொன்னார். சாம்பார், பொரியல், நல்லெண்ணெயில் வைத்த வத்தக்குழம்பு எல்லாம் சரி. நான் எதிர்பார்க்காதது ரசம்: அங்கே நெய்யில் தாளிக்கிறார்களாம். பருப்புக்கு நெய் ஊற்றுபவர் வேகமாக வருவார்; இலையைக் கையால் மறைத்தால் போதும், தப்பாக நினைப்பதில்லை. பருப்புப் பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டேன், உடனே வந்தது, அருமையான ருசி. பாயசத்துக்குப் பதில் வாழைப்பழம்.

அப்புறம், டிபன் என்றால் வெண்பொங்கல், கேசரி வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் சில இடங்களில் தயிர் கலப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.